மருத்துவ மாணவரின் மின்பதிவேடு: கற்பதற்கா, கணக்குக் காட்டுவதற்கா?

புதுதில்லி: ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மருத்துவக் கல்லூரி விடுதிகள் பலவற்றில் காணக் கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. மூத்த மாணவர் ஒருவரின் லாக்புக் அறை அறையாகச் சுற்றி வரும். அதைப் பார்த்து எழுதுவோர் நோயாளியின் வயதை மட்டும் சற்று மாற்றிக்கொள்வார்கள். வெவ்வேறு நாள்களில் எழுதியதுபோலத் தோன்றுவதற்காக நீல மையும் கறுப்பு மையும் மாறி மாறிப் பயன்படும். மறுநாள் துறை அலுவலகத்தில் அந்தப் பதிவேடுகள் மலைபோலக் குவியும்; பக்கத்தைப் புரட்டுவதற்குள் கையொப்பம் விழுந்துவிடும். ஆறு மாதங்களில் நடந்திருக்க வேண்டிய பயிற்சி ஒரே இரவில் நடந்து முடிந்ததாக ஆவணம் சாட்சி சொல்லும்.

மருத்துவம் படித்தவர்கள் இதை ஒரு சிரிப்போடு நினைவுகூர்வது வழக்கம். இப்போது அந்தப் பதிவேடு கணினிக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 டிசம்பரில் வெளியிட்ட முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகளின்படி, எம்.டி., எம்.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் மின்னணுப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். அதை வாரந்தோறும் புதுப்பிக்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர் மாதந்தோறும் அதைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். காகிதப் பதிவேடு 2000ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலேயே இருந்ததுதான். செய்த வேலையை, உதவி செய்த அறுவைச் சிகிச்சையை, தனியாகச் செய்த அறுவைச் சிகிச்சையைக் குறித்துவைக்கும்படி அது அப்போதே சொன்னது. வார, மாதக் கெடுக்களும் கணினியும்தான் புதியவை.

காகிதத்தில் பொய் எழுதியவர் கணினியில் உண்மை எழுதுவாரா என்பது எவருக்கும் முதலில் எழும் கேள்வி. அது எளிய கேள்வி. உண்மையை எழுதினால் அவருக்கு என்ன நேரும் என்பதே கடினமான கேள்வி. தில்லியில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இரண்டும் ஒன்றல்ல

லாக்புக் என்பது கணக்கு. எத்தனை பிரசவம் பார்த்தார், எத்தனை தையல் போட்டார், எந்தத் தேதியில் என்று அது சொல்லும். உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் 'போர்ட்ஃபோலியோ' என வழங்குவது வேறு பொருள். ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் தங்கள் படைப்புகளைத் தொகுத்து வைத்துக்கொள்ளும் பையிலிருந்து வந்த சொல் அது. மருத்துவக் கல்வியில் அந்தத் தொகுப்புக்குள் கணக்கும் இருக்கும். அதோடு ஆசிரியர் சொன்ன குறை நிறைகள், சக மாணவரும் செவிலியரும் தந்த கருத்துகள், எல்லாவற்றுக்கும் மேலாக மாணவர் தம்மைத் தாமே விசாரித்து எழுதிய தன்னாய்வுக் குறிப்புகள் இருக்கும்.

வேறுபாட்டை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 'நரம்பில் ஊசிக்குழாய் பொருத்துதல் - 10 முறை - நிறைவு' என்பது லாக்புக் வரி. அதே வேலையைப் பற்றிய தன்னாய்வுக் குறிப்பு ஏறத்தாழ இப்படி அமைய வேண்டும்: "மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மூதாட்டி கையை இழுத்துக்கொண்டார். செவிலியரை முதல் முறையிலேயே அழைத்திருக்கலாம், வெட்கத்தால் அழைக்கவில்லை. நான்காவது முறை அவரே பொருத்தினார். கட்டு இறுக்கமாக இருந்ததே காரணம் என்று பிறகு காட்டினார்." முதல் வரியைப் படிக்கும் பேராசிரியருக்குக் கற்பிப்பதற்கு எதுவும் கிடைக்காது. இரண்டாவதில் ஊசி பிடிப்பது பற்றியும், உதவி கேட்பது பற்றியும், வலியில் இருக்கும் முதியவரிடம் பேசுவது பற்றியும் கால் மணி நேரம் பேசலாம். அந்த மாணவர் அடுத்த வாரம் வேறு மாதிரி நடந்துகொள்ளவும் கூடும்.

மின்னணு வடிவம் இங்கேதான் உண்மையில் உதவுகிறது. மாணவர் துறைவிட்டுத் துறை மாறும்போதும், மாவட்ட மருத்துவமனைக்குச் செல்லும்போதும் தொகுப்பு கூடவே செல்லும். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அந்த மூன்று மாதத்தில் வழிகாட்டிப் பேராசிரியர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். காகிதம் அவரிடம் போய்ச் சேராது. திரையில் எழுதியது அன்றே சேரும். பதிவு செய்த நேரத்தைக் கணினி தானே குறித்துக்கொள்வதால், ஒரே இரவில் ஆறு மாதத்தை எழுதும் வித்தையும் ஓரளவு அடங்கும்.

2019இல் மாறியது என்ன?

1997ஆம் ஆண்டு முதல் நடப்பில் இருந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றி, 2019ஆம் ஆண்டு சேர்ந்த மாணவர்களிலிருந்து திறன் சார்ந்த பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் இறுதிக் காலத்தில் தயாரானது அது. முதல் மாதம் அடித்தளப் பயிற்சி, முதலாண்டிலேயே நோயாளிகளைச் சந்தித்தல், மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்குத் தனிப் பாடப்பகுதி என்று பல நல்ல மாற்றங்கள் அதில் உண்டு. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட திறன்கள் பட்டியலிடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் எதிரே மாணவர் எந்தப் படிவரை ஏற வேண்டும் என்று குறிக்கப்பட்டது: அறிந்திருந்தால் போதுமா, எப்படிச் செய்வது என்று சொல்லத் தெரிந்தால் போதுமா, செய்து காட்ட வேண்டுமா, தனித்துச் செய்யும் அளவுக்குத் தேற வேண்டுமா? அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த நான்கு படிக் கோபுரத்தை அடியொற்றியது இது.

இந்தப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பே லாக்புக்தான். வழிகாட்டுக் குறிப்பில் தரப்பட்ட கட்டங்கள் நுணுக்கமானவை. முதல் முயற்சியா, மறுமுயற்சியா, குறை நீக்கும் முயற்சியா? எதிர்பார்ப்புக்குக் கீழா, அதற்கு ஏற்பவா, அதற்கு மேலா? முடிந்ததா, திரும்பச் செய்ய வேண்டுமா? ஆசிரியரின் கையொப்பம், தேதி. கருத்துரை கிடைத்தது என்பதற்கு மாணவரின் கையொப்பம். தாளில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓராண்டுக்கு 150 மாணவர்கள். ஒரு பாடத்தில் ஒரு மாணவருக்குப் பத்துத் திறன்களுக்கு மட்டும் சான்றளிப்பதாக வைத்துக்கொள்வோம். அதுவே 1,500 கையொப்பங்கள். மாணவர் செய்வதை நின்று பார்த்து, குறையைச் சொல்லி, எழுதிக் கையொப்பமிட ஐந்து நிமிடம் என்றால் 125 மணி நேரம். இதில் யாரும் முதல் முயற்சியில் தவறவில்லை என்பது அனுமானம். வகுப்பு, புறநோயாளிப் பிரிவு, அறுவைக் கூடம், ஆராய்ச்சிக் கட்டுரை, ஆய்வுக் குழுவுக்கான கோப்புகள் இவற்றுக்கு இடையில் அந்த 125 மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதைப் பாடத்திட்டம் சொல்லவில்லை. ஆகவே அது நின்று பார்ப்பதிலிருந்து குறைகிறது. கையொப்பம் மட்டும் குறைவதில்லை.

ஆசிரியர் எங்கே?

2014க்கு முன் நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் 51,348. 2024இல் 1,12,112. பத்தாண்டில் இருமடங்குக்கும் மேல். முதுநிலை இடங்களும் இதே காலத்தில் 31,185இலிருந்து 72 ஆயிரத்தைத் தாண்டின. நாட்டுக்கு மருத்துவர்கள் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இடங்களைப் போல ஆசிரியர்களை ஓர் அறிவிக்கையால் பெருக்கிவிட முடியாது. ஒரு பேராசிரியர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

2022-23இல் மதிப்பிடப்பட்ட 246 கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் பெயரளவில் மட்டும் இருக்கும் ஆசிரியர்கள் காணப்பட்டதாக ஆணையத் தரப்பே 2023இல் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. பிறகு ஆதார் இணைந்த விரல் ரேகைப் பதிவு கண்டிப்பாக்கப்பட்டது. 2025 ஜூன் இறுதியில் மத்தியப் புலனாய்வுத் துறை, சுகாதார அமைச்சக அலுவலர்கள், கல்லூரி ஆய்வாளர்கள், நிர்வாகிகள் என முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிவு செய்தபோது, போலி விரல் அச்சுகளைக் கொண்டு வருகையைப் பதிவு செய்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது. வழக்கு நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. அந்த ஆண்டே ஆணையம் விரலிலிருந்து முகத்துக்கு மாறியது; முக அடையாள வருகைப் பதிவு வந்தது.

இந்தத் தொடரைப் பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும். ஒவ்வொரு முறையும் தீர்வு ஒரு கருவியாகவே இருந்திருக்கிறது. தில்லியில் எந்த நோய்க்கும் முதல் மருந்து ஒரு 'போர்ட்டல்'தான். மின்பதிவேடும் அந்த வரிசையில் இன்னொன்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது. விரலுக்கே அச்சு வார்க்க முடியுமானால், 'மாதந்தோறும் சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு எம்மாத்திரம்? பேராசிரியரின் கடவுச்சொல் துறை எழுத்தரிடமோ, மூத்த முதுநிலை மாணவரிடமோ போய்ச் சேர எத்தனை நாளாகும்?

மாணவர் பக்கமும் நியாயம் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்தவரின் எதிர்காலம் முதுநிலை நீட் தேர்வின் 200 கேள்விகளில் தொங்குகிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அத்தேர்வில், நோயாளியிடம் எப்படிப் பேசினார் என்பதற்கு இடமில்லை. அதனால் பயிற்சி மருத்துவர் ஆண்டே பலருக்குத் தேர்வுப் பயிற்சி ஆண்டாக மாறிவிட்டது. நெக்ஸ்ட் தேர்வு வந்தால் நிலைமை மாறும் என்றார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற அத்தேர்வு 2023 ஜூலையில் காலவரையறையின்றித் தள்ளிவைக்கப்பட்டது. படிப்பின் கடைசி வாசலில் எது எடைபோடப்படுகிறதோ அதையே மாணவர் கற்பார். நான்கரை ஆண்டு எழுதிய தொகுப்பு அந்த வாசலில் எண்ணப்படாதபோது, அதைக் கடமைக்கு எழுதுவதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

32 மாணவர்களின் கல்லூரி

போர்ட்ஃபோலியோ வெற்றி பெற்ற இடமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் லெர்னர் மருத்துவக் கல்லூரி. 2004இல் தொடங்கிய அக்கல்லூரியில் மதிப்பெண்ணோ தர வரிசையோ கிடையாது. மாணவர் திரட்டிய சான்றுகளும், அவற்றை வைத்து அவர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரைகளுமே முன்னேற்றத்தைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவர் ஆலோசகர். ஆண்டுக்குச் சேர்க்கப்படுவோர் 32 பேர்.

32 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் இதை நீண்டகாலம் ஆராய்ந்தவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். மென்பொருள் எது என்பது பெரிய விஷயமன்று. எழுதியதைப் படித்துப் பேச ஒரு நம்பிக்கைக்குரிய வழிகாட்டி இருக்கிறாரா என்பதே தொகுப்பின் உயிர். நம் நாட்டில் இதை அறிந்த ஆசிரியர்கள் இல்லாமலில்லை. புதுச்சேரி ஜிப்மரில் ஆசிரியர் பயிற்சி மையம் 1970களிலேயே தொடங்கியது. மும்பை, லூதியானா, கோவை ஆகிய நகரங்களில் 2005 முதல் 2007 வரை அடுத்தடுத்துத் தொடங்கிய ஃபைமர் மண்டல மையங்களில் பயின்ற ஆசிரியர்கள் தத்தம் துறைகளில் சிறு அளவில் மின்தொகுப்பைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆர்வமுள்ள ஆசிரியர் இருந்த இடத்தில் அது ஓடியது. அவர் மாற்றலான பிறகு என்ன ஆனது என்பது ஒவ்வோர் ஊரிலும் ஒரு கதை.

செவிலியர் கல்வியிலும் இதே நிலை. வார்டில் செய்த பணிகளைப் பதிவேட்டில் ஏற்றிக் கையொப்பம் வாங்கும் பழக்கம் மருத்துவ மாணவர்களைவிட அவர்களுக்கே நெடுநாளையது. பிரிட்டனில் 2016 முதல் ஒவ்வொரு செவிலியரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஐந்து தன்னாய்வுக் குறிப்புகளை எழுதி, இன்னொரு செவிலியருடன் அமர்ந்து அவற்றைப் பேச வேண்டும். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் அவற்றில் இருக்கக் கூடாது என்பது விதி.

லெஸ்டரில் ஒரு நாள்

பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு புதிய பயிற்சித் திட்டம் தொடங்கியது முதலே இளம் மருத்துவர்களுக்கு மின்தொகுப்பு அன்றாட வாழ்வின் பகுதி. அங்கும் 'கட்டத்தில் டிக் போடும் வேலை' என்ற முணுமுணுப்பு உண்டு. ஆனால் 2018 ஜனவரியில் அந்த முணுமுணுப்பு அச்சமாக மாறியது. காரணம், ஏழாண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு மரணம்.

2011 பிப்ரவரி 18. லெஸ்டர் ராயல் மருத்துவமனையில் ஜாக் அட்காக் என்ற ஆறு வயதுச் சிறுவன் கிருமித் தொற்று முற்றி இறந்தான். அவனைப் பார்த்தவர் பயிற்சியில் இருந்த மருத்துவர் ஹடீசா பாவா-கார்பா. மகப்பேறு விடுப்பிலிருந்து அண்மையில் திரும்பியிருந்தவர். அன்று பொறுப்பு மூத்த மருத்துவர் ஊரில் இல்லை. செவிலியர் பற்றாக்குறை. மருத்துவமனையின் கணினி அமைப்பு பல மணி நேரம் செயலிழந்ததால் ரத்தப் பரிசோதனை முடிவுகள் தாமதமாயின. சிறுவனின் நிலையைச் சரியாகக் கணிக்காததும், ஒரு கட்டத்தில் அவனை வேறொரு நோயாளி என்று தவறாக எண்ணி உயிர்காப்பு முயற்சியைச் சற்று நேரம் நிறுத்தியதும் அவர் தரப்பில் நேர்ந்த பிழைகள். 2015 நவம்பரில் ஜூரி அவரைக் கடும் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. மருத்துவத் தீர்ப்பாயம் 2017இல் ஓராண்டு இடைநீக்கத்தோடு விட்டது. பொது மருத்துவக் கவுன்சில் அதை ஏற்காமல் உயர் நீதிமன்றம் சென்று, 2018 ஜனவரியில் அவரது பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது.

பெற்ற பிள்ளையை இழந்த தாய் தந்தையின் துயரத்துக்கு முன் எந்த வாதமும் சிறியதே. எனினும் மருத்துவ உலகைக் கலங்கவைத்தது இன்னொன்று. அந்த மருத்துவர் தம் பிழைகளைப் பற்றித் தாமே சிந்தித்துச் சொன்னவை அவருக்கு எதிராகத் திரும்பின என்ற செய்தி பரவியது. அவரது மின்தொகுப்பு நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்படவில்லை என்று அவருக்குத் துணைநின்ற மருத்துவர் பாதுகாப்பு அமைப்பு விளக்கியது. விளக்கம் வருவதற்குள் அச்சம் எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி உண்மையான பிழை எதையும் எழுதமாட்டோம் என்று இளம் மருத்துவர்கள் வெளிப்படையாகவே கூறினார்கள். பிரிட்டிஷ் அரசு அமைத்த வில்லியம்ஸ் குழு 2018 ஜூனில் அளித்த அறிக்கையில், தன்னாய்வுக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் அதிகாரம் மருத்துவக் கவுன்சிலுக்கு இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற நிலை மட்டும் நீடிக்கிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

எதுவும் சொல்லவில்லை என்பதே விடை. மாணவரின் தன்னாய்வுக் குறிப்புக்கு இந்தியாவில் தனிச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவுகளுக்குக் காகித ஆவணத்துக்கு இணையான மதிப்பு அளிக்கிறது. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சட்டத்தின் 106ஆவது பிரிவு. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்கு அளித்த பாதுகாப்பு, கடுமையான கவனக்குறைவு இல்லாதபோது குற்ற வழக்கு கூடாது என்பதுதான். கவனக்குறைவு கடுமையானதா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பார்கள்? மருத்துவரே எழுதிவைத்த குறிப்பு கையில் கிடைத்தால் புலனாய்வு அதிகாரி வேறு சான்று தேடுவாரா? நுகர்வோர் மன்றங்களில் இழப்பீடு கேட்பதற்கு 1995 முதல் வழி இருக்கிறது. அங்கே இத்தகைய குறிப்பின் விலை இன்னும் அதிகம்.

2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்குமா? அதன் விதிகளே 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டன. அச்சட்டத்தின் 17ஆவது பிரிவு, சட்ட உரிமையை நிலைநாட்டுவதற்கும் குற்றப் புலனாய்வுக்கும் விலக்கு அளிக்கிறது. மாணவர் அஞ்சும் இடம் அதுதான்; விலக்கும் அங்கேயே இருக்கிறது.

வழக்கு வரை போக வேண்டியதுகூட இல்லை. வழிகாட்டிப் பேராசிரியரே தேர்வாளர். அவரே விடுப்புக்குக் கையொப்பமிடுபவர். ஆய்வேட்டை ஏற்பவரும் அவரே. "இரவு 2 மணிக்கு அழைத்தபோது மூத்த மருத்துவர் வரவில்லை" என்று ஒரு முதுநிலை மாணவர் தம் தொகுப்பில் எழுதினால், அதை மாத இறுதியில் சரிபார்க்கப் போகிறவர் யார்? தொடர்ந்து முப்பத்தாறு மணி நேரம் பணியில் இருந்ததால் மருந்தளவில் தடுமாறினேன் என்று எழுதுவதற்கும் துணிவு வேண்டும். அந்த வரி மாணவரின் குறையை மட்டும் சொல்லாது. மருத்துவமனையின் பணி நேர ஏற்பாட்டையும் காட்டிக்கொடுக்கும். கல்லூரி நிர்வாகம் அதை விரும்பாது என்பதை விளக்கத் தேவையில்லை.

நோயாளியும் இதில் இருக்கிறார். 2021-22இல் சேர்ந்தவர்கள் முதல் எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுவதும் அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். நல்ல திட்டம். ஆனால் அந்த வீட்டுப் பெண்ணின் ரத்தசோகை, பெரியவரின் குடிப்பழக்கம், மருமகளின் கருச்சிதைவு எல்லாம் பதிவேட்டில் ஏறும். சிறிய கிராமத்தில் பெயரை நீக்கிவிட்டால் மட்டும் ஆள் தெரியாமல் போய்விடாது. வார்டில் எடுத்த புகைப்படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை அன்றாடம் பார்க்கிறோம். அவை இனித் தனியார் நிறுவனம் ஒன்றின் மென்பொருளில் ஏறும்போது, எந்தச் சேமிப்பகத்தில், எத்தனை ஆண்டு, யார் பொறுப்பில் இருக்கும்? ஒப்பந்தம் முடிந்தபின் அழிக்கப்படுமா? கல்லூரி, பல்கலைக்கழகம், ஆணையம் மூன்றில் யார் உரிமையாளர்?

யார் தீர்மானிப்பது?

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது. உயர்கல்வித் தரத்தை நிர்ணயிப்பது மத்தியப் பட்டியலில் இருக்கிறது. விளைவு, பதிவேட்டின் கட்டங்களை வரைவது துவாரகையில் அமர்ந்திருக்கும் ஆணையம்; அதை நிரப்ப வேண்டிய ஆசிரியருக்குச் சம்பளம் தருவதும், காலியிடத்தை நிரப்புவதும், மாவட்ட மருத்துவமனைக்கு இணைய வசதி செய்வதும் மாநில அரசு. 2020 செப்டம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் கலைந்து 33 உறுப்பினர் கொண்ட ஆணையம் பொறுப்பேற்றபோது, மாநிலங்களின் குரலுக்கு இடமாக மருத்துவ ஆலோசனை மன்றம் சுட்டிக்காட்டப்பட்டது. ஆலோசனை சொல்வதற்கு மட்டுமே அதற்கு அதிகாரம்.

விதியை எழுதுவதில் காட்டப்படும் அவசரமும் கவனிக்கத்தக்கது. திறன் சார்ந்த பாடத்திட்ட வழிகாட்டுதல்களை 2024 ஆகஸ்ட் 31 அன்று ஆணையம் வெளியிட்டது. தடயவியல் மருத்துவப் பகுதியில் ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் பழைய பிற்போக்குக் கருத்துகள் திரும்பி வந்திருந்ததால் கண்டனம் எழுந்தது. ஒரே வாரத்தில் ஆவணம் திரும்பப் பெறப்பட்டுச் செப்டம்பரில் திருத்தி வெளியிடப்பட்டது. ஒரு பாடத்திட்டத்தைத் திரும்பப் பெறலாம். மாணவர் ஒருவர் நம்பி எழுதிவிட்ட குறிப்பைத் திரும்பப் பெற வழியில்லை.

கணக்கையும் தன்னாய்வையும் ஒரே கோப்பில் போடாமல் பிரிப்பது செய்யக்கூடியது. செய்த வேலைகளின் எண்ணிக்கை கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வுக் குழுவுக்கும் போகட்டும். தன்னாய்வுக் குறிப்பு மாணவருக்கும், அவரைத் தேர்வு செய்யாத, அவர் துறையைச் சேராத ஒரு வழிகாட்டிக்கும் மட்டும் திறக்கட்டும். இருவரும் சந்தித்துப் பேசினார்கள் என்ற செய்தி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். ஒரு வழிகாட்டிக்கு இத்தனை மாணவருக்கு மேல் கூடாது என்ற வரம்பும், அந்த நேரம் அவரது பணி நேரத்தில் சேரும் என்ற உறுதியும் விதியிலேயே இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக்கு அக்குறிப்பைப் பயன்படுத்த முடியாது என்று அறிவிக்க ஆணையத்துக்கு நாடாளுமன்றத்தின் அனுமதிகூடத் தேவையில்லை; தன் ஒழுங்குமுறையில் ஒரு துணைவிதி சேர்த்தால் போதும். நீதிமன்றத்திலும் அதற்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் சட்டத்திருத்தம் வேண்டும். அதை எழுப்ப வேண்டியவர்கள் மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் மருத்துவர்களும் உண்டு.

2019இல் சேர்ந்த முதல் அணி படிப்பை முடித்து மருத்துவமனைகளில் பணிக்கு வந்துவிட்டது. அவர்கள் நிரப்பிய காகிதப் பதிவேடுகள் துறை அலுவலக அலமாரிகளில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஆய்வுக் குழு வந்தால் எடுத்துக் காட்ட வேண்டும் என்பதால் பல கல்லூரிகளில் அவற்றை மாணவர்களிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.